ஒரே கம்பெனி, ஒரே மாதம், இரண்டு உலைகள்: டாடா ஸ்டீலின் 2045 வாக்குறுதியை எப்படிப் புரிந்துகொள்வது?

2024 செப்டம்பர் 20. ஒடிசா மாநிலம் கலிங்கநகரில் டாடா ஸ்டீல் நிறுவனம் ஒரு புதிய ஊது உலையை இயக்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 5,870 கன மீட்டர். இந்தியாவிலேயே மிகப் பெரிய ஊது உலை இதுதான். ஆலையின் உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 30 லட்சம் டன்னிலிருந்து 80 லட்சம் டன்னாக உயர்த்தும் 27,000 கோடி ரூபாய் திட்டத்தின் மையமே இந்த உலைதான்.

பத்தே நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் போர்ட் டால்பட் என்ற ஊரில் அதே டாடா ஸ்டீல் தன் கடைசி ஊது உலையை நிரந்தரமாக அணைத்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரில் நடந்துவந்த இரும்பு உருக்கும் தொழில் அன்றோடு முடிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டவை இரண்டு: ஒன்று நஷ்டம், இன்னொன்று கார்பன்.

ஓரிடத்தில் நிலக்கரி உலையை மூடுகிறார்கள், இன்னோரிடத்தில் நாட்டிலேயே பெரிய நிலக்கரி உலையைப் பற்றவைக்கிறார்கள். இரண்டையும் செய்வது ஒரே நிறுவனம். 2045-க்குள் ‘நிகர பூஜ்ஜிய’ உமிழ்வை எட்டுவோம் என்று அறிவித்திருப்பதும் அதே நிறுவனம்தான். அப்படியானால் இது பித்தலாட்டமா? இல்லை, இதற்குள் வேறு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பதில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரு வார்த்தையில் முடிவதில்லை. ஆனால், அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எந்தப் பெரிய நிறுவனத்தின் பசுமை அறிக்கையைப் பார்த்தாலும் எங்கே உண்மை இருக்கிறது, எங்கே பூசி மெழுகுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எஃகைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. இந்தியாவில் இந்தப் பங்கு இன்னும் அதிகம், 10 முதல் 12 சதவீதம் வரை. சீனாவுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய எஃகு உற்பத்தியாளர் இந்தியா. 2024-ல் மட்டும் சுமார் 15 கோடி டன் எஃகு இங்கே தயாரானது.

கார் வேண்டாம் என்று மெட்ரோவில் போகலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று துணிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால், அந்த மெட்ரோ தண்டவாளமும் எஃகு, வீட்டுக் கூரைக்குள் இருக்கும் டிஎம்டி கம்பியும் எஃகு, சூரிய மின்தகடுகளைத் தாங்கும் சட்டமும் எஃகு, காற்றாலைக் கோபுரமும் எஃகு. பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறவே ஏகப்பட்ட எஃகு வேண்டும். அதனால், எஃகைத் தவிர்ப்பது வழியல்ல. அதைத் தயாரிக்கும் முறையை மாற்றுவதுதான் வழி.

இரும்பு செய்ய நிலக்கரி எதற்கு?

பலரும் நினைப்பது, உலையைச் சூடாக்க நிலக்கரி எரிக்கிறார்கள் என்று. அது பாதி உண்மைதான். அப்படி மட்டும் இருந்தால் நிலக்கரிக்குப் பதில் மின்சாரத்தால் சூடாக்கிப் பிரச்சினையை முடித்துவிடலாம்.

மண்ணிலிருந்து எடுக்கும் இரும்புத் தாது தூய இரும்பு அல்ல. இரும்போடு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் அது. துரு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தால்தான் இரும்பு கிடைக்கும். அதைப் பிரிக்கும் வேலையைக் கார்பன் செய்கிறது. நிலக்கரியைக் காற்றில்லாமல் வாட்டிச் செய்யும் ‘கோக்’ எனப்படும் கற்கரி, உலைக்குள் தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அதாவது, புகை இங்கே எரிபொருளின் கழிவு மட்டுமல்ல, வேதிவினையின் விளைவே அதுதான்.

கோக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஊது உலை என்பது பல மாடி உயரக் கோபுரம். உள்ளே கொட்டப்படும் தாதுவின் எடையைத் தாங்கிக்கொண்டு, இடையில் காற்றுப் போக வழிவிட்டு நிற்பது கோக்தான். அதனால், அதை முழுசாக எடுத்துவிட்டு வேறொன்றைப் போட முடியாது.

இந்த முறையில் ஒரு டன் எஃகு தயாரிக்க முக்கால் டன்னுக்கும் மேல் நிலக்கரி தேவை. உலக அளவில் பார்த்தால், ஊது உலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. தயாராகும் பொருளைவிட, வெளியேறும் வாயுவின் எடை அதிகம்!

மாற்று வழிகள் என்னென்ன?

முதல் வழி, பழைய இரும்பு. காயலான் கடைக்குப் போகும் பழைய சைக்கிள், இடித்த கட்டிடத்தின் கம்பி, ஓட்டி முடித்த கார் எல்லாவற்றையும் மின்வில் உலையில் போட்டு உருக்கி மறுபடி எஃகாக்குவது. ஆக்சிஜனை ஏற்கெனவே பிரித்துவிட்ட இரும்பு என்பதால் நிலக்கரிக்கு இங்கே பெரிய வேலை இல்லை, மின்சாரம்தான் முக்கியம். இந்த வழியில் உமிழ்வு டன்னுக்குச் சுமார் 0.7 டன். மின்சாரமும் பசுமையானால் அது இன்னும் குறையும்.

இரண்டாவது வழி, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்துவது. அப்போது வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு இல்லை, நீராவி. ஸ்வீடனின் எஸ்எஸ்ஏபி நிறுவனம் இப்படித் தயாரித்த எஃகை 2021-லேயே வோல்வோவுக்கு அனுப்பிவைத்தது. முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வழி, பழைய முறையிலேயே தயாரித்து, வெளியேறும் வாயுவைப் பிடித்துச் சேமிப்பது. கேட்க எளிது, செய்யக் கடினம்.

டாடா ஸ்டீல் இதுவரை என்ன செய்திருக்கிறது?

நியாயமாகப் பார்த்தால், கம்பெனி சும்மா இருக்கவில்லை. இந்தியா ஒரு நாடாக நிகர பூஜ்ஜியத்துக்கு வைத்திருக்கும் ஆண்டு 2070. டாடா ஸ்டீல் வைத்திருப்பது அதற்கு 25 ஆண்டுகள் முன்பு, 2045.

2021-ல் ஹரியானாவின் ரோத்தக்கில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பழைய இரும்பைப் பதப்படுத்தும் ஆலை தொடங்கப்பட்டது. 2023 அக்டோபரில் பஞ்சாபின் லூதியானாவில் ஆண்டுக்கு 7.5 லட்சம் டன் திறன்கொண்ட, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை ஆலைக்குப் பூமி பூஜை போடப்பட்டது.

2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரின் ‘இ’ ஊது உலையில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திப் பரிசோதித்தார்கள். உலைக்குள் காற்று ஊதும் குழல்களில் 40 சதவீதத்தின் வழியாகச் சில நாட்கள் தொடர்ந்து ஹைட்ரஜன் போனது. இதனால் கோக் தேவை 10 சதவீதமும், உமிழ்வு 7 முதல் 10 சதவீதமும் குறைய வாய்ப்புண்டு என்று நிறுவனம் தெரிவித்தது. அதற்கும் முன்பே, 2021 செப்டம்பரில், ஊது உலை வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் சிறிய ஆலை ஒன்றை ஜாம்ஷெட்பூரில் நிறுவினார்கள்.

இவை எல்லாமே உண்மையான முயற்சிகள். ஆனால், அளவைக் கவனிக்க வேண்டும். அந்த ஆலை பிடிக்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரு நாளைக்கு 5 டன். ஜாம்ஷெட்பூர் ஆலையின் உற்பத்தித் திறன் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன். டன்னுக்கு 2 டன் உமிழ்வு என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 50,000 டன்னைத் தாண்டும். அதாவது, பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் பிடிபடவில்லை. இது பரிசோதனை ஆலைதானே என்றால், சரி, பரிசோதனை ஆலைதான். ஆனால், அறிக்கையின் பளபளப்பான பக்கத்தில் படத்தோடு பார்க்கும்போது வாசகருக்கு இந்த விகிதம் தெரிவதில்லை.

‘டன்னுக்கு எவ்வளவு?’ ‘மொத்தம் எவ்வளவு?’

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நிறுவனங்கள் உமிழ்வை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பது ஒன்று. இதற்குப் பெயர் உமிழ்வு அடர்த்தி. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு வெளியேறுகிறது என்பது இன்னொன்று. முதல் எண் குறைந்துகொண்டே வரும்போது இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போகலாம். இரண்டும் பொய் இல்லை.

இந்திய ஆலைகளில் டன்னுக்கான உமிழ்வை 2030-க்குள் 1.8 டன்னுக்குக் கீழே கொண்டுவருவது என்ற இலக்கை டாடா ஸ்டீல் தன் அறிக்கைகளில் முன்வைத்திருந்தது. அதை அப்படியே எட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கூடவே, இப்போது சுமார் 2.66 கோடி டன்னாக இருக்கும் இந்திய உற்பத்தித் திறனை 2030 வாக்கில் 4 கோடி டன்னாக்குவதும் அதே நிறுவனத்தின் திட்டம்.

இப்போது கணக்கு. இன்றைய உமிழ்வை ஊது உலை வழியின் உலக சராசரியான 2.3 டன் என்று எடுத்துக்கொண்டால், முழுத் திறனில் ஓடும் 2.66 கோடி டன்னுக்கு வருடம் சுமார் 6.1 கோடி டன் வாயு. இலக்கை எட்டிய பிறகு, 4 கோடி டன்னை 1.8-ஆல் பெருக்கினால் 7.2 கோடி டன். டன்னுக்கான உமிழ்வு இருபது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. மொத்தமோ கிட்டத்தட்ட ஒரு கோடி டன் கூடியிருக்கிறது.

இது தோராயக் கணக்குதான். ஆனால், திசை எந்தப் பக்கம் என்பது தெளிவு. அறிக்கை வரும் நாளில் ‘உமிழ்வு 20 சதவீதம் குறைந்தது’ என்று தலைப்பு வரும். வளிமண்டலத்துக்கு அந்தத் தலைப்பு தெரியாது. அது மொத்தத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

போர்ட் டால்பட்: மாற்றத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்?

2007-ல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது போர்ட் டால்பட் ஆலையும் டாடாவின் கைக்கு வந்தது. பிரிட்டனின் மொத்தக் கார்பன் உமிழ்வில் சுமார் 1.5 சதவீதம் இந்த ஓர் இடத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுண்ட் நஷ்டம் என்று நிறுவனம் சொன்னது.

தீர்வாக வந்தது, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை. மொத்தச் செலவு 125 கோடி பவுண்ட், அதில் 50 கோடி பவுண்ட் பிரிட்டன் அரசின் பணம். இந்த உலை வந்தால் அந்த இடத்தின் நேரடி உமிழ்வு 90 சதவீதம் குறையும் என்கிறார்கள். சுற்றுச்சூழல் கோணத்தில் பார்த்தால் இது பெரிய வெற்றிதான்.

ஆனால், வரிசையைக் கவனியுங்கள். பழைய உலைகள் இரண்டும் 2024-லேயே அணைக்கப்பட்டன. புதிய உலைக்கான கட்டுமானம் 2025 ஜூலையில்தான் தொடங்கியது. உற்பத்தி 2027 இறுதியிலோ 2028 தொடக்கத்திலோ என்று சொல்லப்படுகிறது. இடைப்பட்ட காலத்துக்கு? பிரிட்டனில் இருக்கும் உருட்டாலைகள் ஓட, டாடாவின் நெதர்லாந்து, இந்திய ஆலைகளிலிருந்தும் பிற நிறுவனங்களிடமிருந்தும் எஃகுப் பாளங்கள் கப்பலில் போகின்றன. அந்தப் பாளங்களும் எங்கோ ஓர் உலையில் உருக்கப்பட்டவைதானே? பிரிட்டனின் கணக்கில் உமிழ்வு குறைந்தது. பூமியின் கணக்கில் அதே அளவு குறைந்ததா என்பது வேறு கேள்வி.

வேலைகள்? பிரிட்டன் முழுவதும் சுமார் 2,800 வேலைகள் போகும் என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பெரும்பகுதி போர்ட் டால்பட்டில். அங்கே வேலை பார்த்தவர்களே சுமார் 4,000 பேர்தான். புதிய உலை தயாராகும்வரை ஒரு பழைய உலையையாவது ஓட்டுங்கள் என்று தொழிற்சங்கங்கள் மாற்றுத் திட்டம் கொடுத்தன. செலவு கட்டுப்படியாகாது என்று நிறுவனம் அதை ஏற்கவில்லை. அப்பா, மகன், பேரன் என்று தலைமுறையாக ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர் அது. மின்வில் உலைக்கு ஊது உலை அளவுக்கு ஆட்கள் தேவையும் இல்லை. உலை மாறினாலும் போன வேலைகள் எல்லாம் திரும்பி வராது.

ஆக, பசுமை மாற்றத்தின் பில்லில் ஒரு பங்கை நிறுவனம் கட்டியது, ஒரு பங்கை வரி கட்டும் மக்கள் கட்டினார்கள், மூன்றாவது பங்கை வேலை இழந்தவர்கள் கட்டினார்கள். அந்த மூன்றாவது பங்கு எந்த அறிக்கையிலும் பவுண்ட் கணக்கில் இருக்காது.

இந்தியாவிலும் அதையே செய்தால் என்ன?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

முதலில், பழைய இரும்பு. பிரிட்டன் தொழில்மயமாகி இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே வருடம் ஒரு கோடி டன்னுக்கு மேல் பழைய இரும்பு சேர்கிறது, அதில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்கிறார்கள். இந்தியாவின் பாலங்களும் அடுக்குமாடிகளும் பெரும்பாலும் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் எழுந்தவை. அவை இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். இப்போதே இடித்துக் காயலான் கடைக்கு அனுப்ப முடியாது. இருக்கும் பழைய இரும்பு பத்தாமல் இந்தியா இறக்குமதியும் செய்கிறது.

இரண்டாவது, தேவை. உலகில் ஒரு நபருக்கான எஃகுப் பயன்பாடு ஆண்டுக்கு 200 கிலோவுக்கும் மேல். இந்தியாவில் அது சுமார் 100 கிலோ. ரயில் பாதை, குடிநீர்க் குழாய், மருத்துவமனை, வீடு என்று கட்டி முடிக்க வேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கி. 2030-31-க்குள் நாட்டின் உற்பத்தித் திறன் 30 கோடி டன்னாக வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை. வளர்ந்த நாடுகள் நிலக்கரியை எரித்து எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு, இப்போது நம்மைப் பார்த்து உலையை அணை என்று சொல்வது நியாயமா என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது.

மூன்றாவது, ஹைட்ரஜன். ஒரு டன் எஃகுக்கு 50 முதல் 60 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் வேண்டும். ஆக, ஒரு டன்னுக்குச் சுமார் 3,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் ஒரு வீட்டுக்கு இது ஒரு வருட மின்சாரம்! அதையும் சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ எடுத்தால்தான் பசுமை. தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் எஃகுத் துறைப் பரிசோதனைகளுக்கு என்று பிரிக்கப்பட்டது 455 கோடி. கலிங்கநகர் விரிவாக்கத்துக்கு ஆன 27,000 கோடியோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

அப்ப கம்பெனியை விட்டுவிடலாமா?

கூடாது. ஏனென்றால், ‘இன்றைக்கு முடியாது’ என்பதும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதும் ஒன்றல்ல.

ஊது உலையின் உட்சுவரில் வெப்பத்தைத் தாங்கும் செங்கல் அடுக்கு இருக்கும். 15 முதல் 20 ஆண்டுகள் ஓடியபின் உலையை நிறுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் பெரும் பணம் செலவாகும். ஒருமுறை செலவு செய்துவிட்டால், அடுத்த 15, 20 ஆண்டுகளுக்கு அந்த உலையை அணைக்க எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. பேங்க் கடன் போட்டு வாங்கிய காரை இரண்டே வருடத்தில் யாராவது உடைப்புக்குக் கொடுப்பார்களா?

2024-ல் பற்றவைத்த கலிங்கநகர் உலைக்கு முதல் புதுப்பிப்பு 2040-ஐ ஒட்டி வரும். 2045 இலக்குக்குச் சில ஆண்டுகள் முன்பு. பழைய உலைகளுக்கோ அந்த நாள் இன்னும் சீக்கிரம். அதாவது, 2045 இலக்கு 2045-ல் முடிவாகப் போவதில்லை. ஒவ்வோர் உலையும் புதுப்பிப்புக்கு வரும் நாளில், ‘இன்னொரு இருபது வருஷம் கோக்கா, இல்லை வேறு வழியா?’ என்ற கேள்விக்கு நிர்வாகம் சொல்லும் பதிலில்தான் அது முடிவாகும். அவற்றில் பல பதில்கள் 2030-களிலேயே சொல்லப்பட்டுவிடும். இன்றைக்கு இருபதுகளில் இருப்பவர்கள் நாற்பதைத் தொடுவதற்குள் விஷயம் தீர்மானமாகிவிடும்.

பின்வாங்குவதும் நடக்கும். ஆர்செலர் மிட்டல் நிறுவனம் ஜெர்மனியில் இரண்டு ஆலைகளைப் பசுமை முறைக்கு மாற்ற அரசிடம் 130 கோடி யூரோ மானியம் உறுதியான பிறகும், கட்டுப்படியாகாது என்று 2025 ஜூனில் திட்டத்தைக் கைவிட்டது. வாக்குறுதி என்பது மனம் மாறாதவரைதான்.

பிடி எங்கே இருக்கிறது?

மனசாட்சியை மட்டும் நம்பினால் வேலைக்கு ஆகாது. இரண்டு பக்கமிருந்து அழுத்தம் வரத் தொடங்கியிருக்கிறது.

ஒன்று, வெளியிலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றை அங்கே அனுப்பினால், அதைத் தயாரித்தபோது வெளியான கார்பனுக்கும் விலை உண்டு. பிரிட்டனும் 2027-லிருந்து இதேபோல் ஒன்றைக் கொண்டுவருகிறது. எஃகு ஆலைகளோடு இது நிற்காது. இரும்பு போல்ட், ஸ்குரூ ஏற்றுமதி செய்யும் சிறு தொழிற்கூடங்களும் இந்த வரி வளையத்துக்குள் வருகின்றன. தாங்கள் வாங்கிய எஃகு எந்த உலையிலிருந்து வந்தது என்பது நேற்றுவரை அவர்களுக்குத் தேவையில்லாத தகவல். இனி அது விலையைத் தீர்மானிக்கும் தகவல்.

இன்னொன்று, உள்ளேயிருந்து. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் ‘பசுமை எஃகு’ என்றால் என்ன என்பதற்கு வரையறை வெளியிட்டது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழ்ந்தால்தான் பசுமை என்று சொல்லிக்கொள்ளலாம். 1.6 டன்னுக்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். முதல் படி என்ற வகையில் இது நல்லது. ஆனால், உலகச் சராசரியே சுமார் 1.9 டன் என்னும்போது, 2.2 டன்னைப் பசுமை என்று அழைப்பது தாராள மனசுதான். வரம்பைப் படிப்படியாக இறுக்கினால் மட்டுமே இந்த நட்சத்திரத்துக்கு மதிப்பு.

அதைவிட முக்கியம், யாராவது வாங்க வேண்டும். ரயில்வே, நெடுஞ்சாலை, மெட்ரோ என்று நாட்டின் மிகப் பெரிய எஃகு வாடிக்கையாளர்களில் அரசும் ஒன்று. டெண்டரில் ஒரு பங்கு பசுமை எஃகாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால், உற்பத்தியாளருக்கு அதுவே நிச்சயமான சந்தை. விலை ஏறாதா? ஏறும். உதாரணத்துக்கு டன்னுக்கு 10,000 ரூபாய் கூடுகிறது என்று வைப்போம். ஒரு காரில் சராசரியாக 900 கிலோ எஃகு இருக்கிறது. பல லட்ச ரூபாய் காரில் கூடுவது 9,000 ரூபாய். சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் அதைவிட அதிகம் செலவழிப்பவர்கள் உண்டு. தயாரிப்பவருக்கு மலைபோல் தெரியும் செலவு, கடைசியாக வாங்குபவரிடம் வரும்போது சிறு மேடாகிவிடுகிறது. அந்தச் செலவை வழியில் யார் யார் பகிர்ந்துகொள்வது என்பதற்குத்தான் கொள்கை வேண்டும்.

நிலக்கரி மட்டுமல்ல, நிலமும்

‘நிலைத்தன்மை’ என்ற சொல்லுக்குள் மனிதர்களும் வர வேண்டும். கலிங்கநகரில் இந்த ஆலைக்கு நிலம் எடுத்தபோது நடந்ததை மறக்க முடியாது. 2006 ஜனவரி 2 அன்று, சுற்றுச்சுவர் கட்டும் பணியை எதிர்த்துத் திரண்ட பழங்குடி மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் உயிரிழந்தார்கள். ஒரு போலீஸ்காரரும் இறந்தார். ஆலை வரும்போதும் விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். போர்ட் டால்பட்டில் ஆலை போகும்போதும் விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள்.

நாளை ஜாம்ஷெட்பூரிலோ கலிங்கநகரிலோ ஊது உலைகள் ஒவ்வொன்றாக அணையும் காலம் வரும். 1912-ல் முதல் எஃகு வெளிவந்ததிலிருந்து ஜாம்ஷெட்பூர் என்ற நகரமே ஆலையைச் சுற்றித்தான் வளர்ந்தது. அங்கே கோக் அடுப்பில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஜார்க்கண்ட் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவருக்கும், லாரி ஓட்டுநருக்கும் அப்போது என்ன வேலை? போர்ட் டால்பட்டில் பழையது முதலில் மூடப்பட்டது, புதியது பிறகு வருகிறது. இங்கே அந்த வரிசையை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. திட்டமிட இதுவே சரியான சமயம். உலை அணையும் நாளில் கூட்டம் போட்டால் பத்தாது.

அடுத்த அறிக்கை வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

டாடா ஸ்டீல் என்றில்லை. சிமென்ட், அலுமினியம், உரம் என எந்தப் பெரிய தொழில் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையாக இருந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: குறைந்தது டன்னுக்கான உமிழ்வா, மொத்த உமிழ்வா? இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா?

இரண்டாவது: பரிசோதனைத் திட்டங்களின் அளவு, மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம்? படம் பெரிதாக இருக்கலாம், பங்கு எவ்வளவு?

மூன்றாவது: புதிய முதலீடு எதில் போகிறது? அடுத்த இருபது ஆண்டு நிலக்கரியிலா, மாற்று வழியிலா? எந்த உலை எந்த ஆண்டில் புதுப்பிப்புக்கு வருகிறது, அன்று என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா?

நான்காவது: வேலையும் நிலமும் இழப்பவர்களுக்கு என்று தனியாக ஆண்டும் தொகையும் குறிப்பிட்ட திட்டம் இருக்கிறதா?

டாடா ஸ்டீல் தன் இலக்கை 2045 என்று வைத்தது துணிச்சல்தான். நாட்டின் இலக்கைவிட 25 ஆண்டுகள் முந்தியது என்பதைப் பாராட்டலாம். இந்தியாவின் தேவையும் இங்குள்ள தடைகளும் உண்மையானவை என்பதையும் ஏற்கலாம். அதற்காகத்தான் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும். ஒவ்வோர் உலைக்கும் ஒரு தேதி, அந்தத் தேதியில் எடுக்கப்போகும் முடிவு, அதற்கான பணம். இந்த மூன்றும் அடங்கிய ஒரு பட்டியலை நிறுவனம் வெளியிட்டால் 2045 என்பது திட்டம். வெளியிடாதவரை அது ஓர் ஆண்டின் பெயர் மட்டுமே.

கலிங்கநகரில் பற்றவைத்த நெருப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. அதை யார் அணைப்பார்கள், எதைக் கொடுத்து அணைப்பார்கள் என்பதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது.